கூழ்ப்பானையும் பீர்ப் பீப்பாயும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் கூழ் ஊற்றினோம். எழுபதைத் தாண்டிவிட்டதால் எனக்கு இப்போது அண்டா பக்கம் வேலை கிடையாது. சின்ன வெங்காயம் உரிப்பதுதான் என் பங்கு. கண்ணில் நீர் வழிய உரித்துக்கொண்டிருந்தபோது இங்கிலாந்திலிருந்து சின்ன மகன் போன் செய்தான்.

"என்னப்பா பண்றீங்க?"

"கூழ் ஊத்துறோம்டா."

"நானும் நேத்து பூரா ஊத்துற வேலையிலதான் இருந்தேன்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் ஊற்றுவது கூழ் அல்ல, பீர். அவன் குடியிருக்கும் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை பீர் திருவிழா நடக்கிறது. சம்பளம் வாங்காமல் அதில் வேலை செய்யும் தொண்டர்களில் அவனும் ஒருவன். இதை முதன்முதலில் கேள்விப்பட்டபோது மூன்று மாதம் நான் அவனோடு பேசவில்லை. இப்போது அவனோடு சேர்ந்து நானும் சிரிக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லப்போனால் கொஞ்சம் சரித்திரமும் சொல்லவேண்டி வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கூழ். நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இன்றைய பேரப்பிள்ளைகளுக்குக் கூழ் என்றால் பேப்பர் டம்ளரில் வருவது என்றுதான் தெரிகிறது, அதனால் சொல்கிறேன்.

ஆடி பிறந்தால் பெரியபாளையத்தில் தொடர்ந்து 14 வாரம் திருவிழா. செங்குன்றம், கன்னிகைப்பேர் வழியாக வரும் பஸ்ஸெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே நிரம்பி வழியும். ஆரணியாற்றங்கரையில் மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிட்டு, அங்கேயே பொங்கல் வைத்து, அங்கேயே படுத்துக் கிடந்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். வேப்பிலையைச் சேலையாகக் கட்டிக்கொண்டு பவானியம்மன் கோயிலைச் சுற்றி வரும் பெண்களையும், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளையும் இன்றும் பார்க்கலாம்.

வேப்பிலைக்கும் கூழுக்கும் சேர்த்து ஒரு கதை சொல்வார்கள். ஜமதக்னி முனிவர் கொல்லப்பட்டபோது மனைவி ரேணுகாதேவி தீயில் இறங்கினாள். மழை வந்து தீ அணைந்தது. வெந்த உடம்பை வேப்பிலையால் மூடிக்கொண்டு பக்கத்து ஊர் ஜனங்களிடம் பசிக்குக் கேட்டாள். அவர்கள் பச்சரிசி மாவும் வெல்லமும் இளநீரும் கொடுத்தார்கள். அதன் நினைவாகத்தான் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது என்பது எங்கள் ஆயா சொன்ன கணக்கு.

வேலை சனிக்கிழமைக்கு முன்பே தொடங்கிவிடும். வீட்டுக்கு ஒரு படி என்று கேழ்வரகு வசூலிப்போம். வெயிலில் காய வைத்து அரைத்து, மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க விடுவோம். மறுநாள் அண்டாவில் நொய்யை வேகவைத்து, புளித்த மாவை அதில் ஊற்றிக் கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். வெந்ததை ஆறவைத்து மறுபடி ஒரு ராத்திரி புளிக்க வேண்டும். ஞாயிறு காலையில் அதை மோர் விட்டுக் கரைத்து, உப்பும் வெங்காயமும் போட்டு, அம்மனுக்குப் படைத்த பிறகு ஊற்றுவோம். தொட்டுக்கொள்ள முருங்கைக் கீரை, கருவாட்டுக் குழம்பு, மோர் மிளகாய்.

இதில் ஒருவருக்கும் கூலி கிடையாது. கேழ்வரகு கொடுத்தவரும் அரைத்தவரும் கிண்டியவரும் ஊற்றியவரும் தெரு ஜனம்தான். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. படையல் முடிந்ததும் முதல் வாய்க் கூழை அண்டா கிண்டியவன்தான் குடிக்க வேண்டும். எல்லார் முன்னாலும் நின்று குடிக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் சொம்பை நீட்டுவார்கள்.

என் சின்ன வயதில் அண்டா கிண்டியவர் என் அண்ணன்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். நல்ல உயரம். பனைமரம் ஏறுவதில் சூரர். எங்கள் நைனாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது, மானாவாரி. மழை பொய்த்த வருஷங்களில் அண்ணன் கூலிக்குப் போவார். ஆடி வந்தால் மட்டும் கூலிக்குப் போகமாட்டார். துடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் நடந்து வந்தால் குழந்தைகள் பின்னாலேயே ஓடும். "கட்டி விழுந்தா அம்மா கோச்சுக்குவா, கையை நிறுத்தாதே" என்று எனக்குக் கிண்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கவில்லை. காலனி ஜனங்கள் தள்ளி நின்றார்கள். அவர்களுக்கு உயரத் தூக்கி ஊற்றினார்கள். அண்ணன் ஒரு வருஷம் சொம்பை எடுத்துக்கொண்டு அவர்கள் நின்ற இடத்துக்கே போய் ஊற்றினார். அதற்காக நைனா அவரை அடித்தார். கூழ் புனிதம் என்று பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மதுவிலக்குச் சரித்திரத்துக்கு வருகிறேன். 1937 அக்டோபர் 1-ம் தேதி, ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது, சேலம் ஜில்லாவில் முதலில் மதுவிலக்கு வந்தது. சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பிறகு போனாலும் அந்த வரி போகவில்லை. 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்துவிட்டது. நான் பிறந்தபோதும் வளர்ந்தபோதும் கடை என்று ஒன்று கிடையாது. டாக்டர் சீட்டோடு பெர்மிட் வாங்கிக் குடிப்பவர்கள் பட்டணத்தில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

1971-ல் கலைஞர் அரசு மதுவிலக்கை நீக்கியது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் வந்தன. அண்ணன் அப்போதுதான் குடிக்கப் பழகினார். முதலில் வேலை முடிந்த களைப்புக்கு என்றார். பிறகு காரணம் சொல்வதை நிறுத்திவிட்டார். 1973-ல் கள்ளுக்கடையை மூடினார்கள். 1974 செப்டம்பரில் சாராயக்கடையையும் மூடினார்கள். மூன்று வருஷத்தில் திறந்ததும் மூடியதும் சட்டப் புத்தகத்துக்கு எளிது. பழகிய உடம்புக்கு எளிதில்லை.

அடுத்த வருஷம் மார்கழி மாதம் ஒரு ராத்திரி அண்ணன் எங்கோ குடித்துவிட்டு வந்து படுத்தார். எங்கே குடித்தார், யார் ஊற்றினார்கள் என்று கடைசி வரை தெரியவில்லை. விடிந்தபோது, "ஏன் இன்னும் விளக்கு ஏத்தலை?" என்று கேட்டார். வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது 21 வயது. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரண்டாம் நாள் போய்விட்டார்.

அது என்ன என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மெத்தனால். வார்னிஷுக்கும் தொழிற்சாலைக்கும் பயன்படும் சாராயம். வாசனையும் போதையும் கிட்டத்தட்ட நல்ல சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் கெடுக்கும். 2001-ல் பண்ருட்டிப் பக்கம், 2023-ல் மரக்காணம் எக்கியார்குப்பம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். ஒவ்வொரு தடவையும் செய்தியில் "பார்வை மங்கியது" என்று வாசிக்கும்போது எனக்கு அந்த மார்கழி விடியல்தான் ஞாபகம் வரும். கள்ளக்குறிச்சிச் சம்பவத்தில் மட்டும் 60 பேருக்கு மேல் செத்தார்கள்.

அந்த வருஷ ஆடியில் துடுப்பு என் கைக்கு வந்தது. நான் குடியைத் தொடுவதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம் செய்தேன். பிறகு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கிடைத்து, மூன்று ஷிஃப்டும் பார்த்து, ஓய்வு பெற்று, இன்றுவரை அந்தச் சத்தியம் அப்படியே இருக்கிறது. நடுவில் 1981-ல் மறுபடி கடை திறந்தது, 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் வந்தது, 1987 ஜனவரியிலிருந்து கள்ளும் சாராயமும் தடை, 2003-ல் சில்லறை விற்பனையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. எல்லாம் பார்த்தாயிற்று. இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, "அப்பா, பீர் திருவிழாவுக்கு வாலண்டியரா சேர்ந்திருக்கேன்" என்று சொன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

2018 ஜூலையில் மகன் டிக்கெட் எடுத்து அனுப்பினான். என் மனைவிக்காகத்தான் போனேன். போய்ப் பத்து நாளில் அந்தத் திருவிழா. "நீங்க குடிக்க வேணாம்ப்பா. நான் என்ன பண்றேன்னு மட்டும் ஒரு தடவை வந்து பாருங்க" என்றான். பேசாமல் கூடப் போனேன்.

நகர மண்டபம் ஒன்று. வரிசையாகக் கட்டைகள் அடித்து, அதன்மேல் உலோகப் பீப்பாய்களைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 9 காலன், அதாவது சுமார் 41 லிட்டர். இரண்டு மூன்று நாள் முன்பே கொண்டுவந்து அசைக்காமல் வைத்துவிடுவார்களாம். உள்ளே ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் அது அடியில் தங்க வேண்டும், அசைத்தால் கலங்கிவிடும். மேலே ஒரு துளையில் மரமுளை அடித்துக் காற்றை மெல்ல வெளியேற்றுகிறார்கள். முன்பக்கத்தில் மரச்சுத்தியால் ஒரே அடியில் குழாயைப் பொருத்துகிறார்கள். தயங்கித் தயங்கி அடித்தால் முகமெல்லாம் பீர்தான்! இந்த வேலை செய்தவர்களில் பாதிப் பேர் என்னைப்போல ஓய்வு பெற்றவர்கள். ஒரு ஸ்கூல் டீச்சர், ஒரு பஸ் டிரைவர், துணி மில்லில் வேலை பார்த்த ஒரு கிழவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. சாப்பாடும் ஒரு பனியனும்தான்.

ஒரு காட்சி என்னை நிறுத்திவிட்டது. கதவு திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, தொண்டர்களே முதலில் ருசி பார்த்தார்கள். ஒன்றைக் குடித்துவிட்டு அந்த மில்காரக் கிழவர் தலையை ஆட்டினார். அந்தப் பீப்பாயின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். அன்று அது யாருக்கும் ஊற்றப்படவில்லை.

முதல் வாய் கிண்டியவனுக்கு! என் மனசில் அண்ணன் வந்து நின்றார்.

பிறகு அந்த மனிதர் என் பக்கம் வந்து எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ் பக்கம் என்றதும் முகம் மலர்ந்து ஒரு பீப்பாயைத் தட்டிக் காட்டினார். அதில் எழுதியிருந்தது: இந்தியா பேல் ஏல். "இது உங்களுக்காகக் காய்ச்சினது, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. மகன் மொழிபெயர்த்துச் சொன்னதையும், பிறகு ஊருக்கு வந்து நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இந்த ஊர் வெயிலில் நல்ல பீர் காய்ச்ச முடியாது என்று இங்கிலாந்திலிருந்தே கப்பலில் வரவழைத்தார்கள். லண்டனுக்குக் கிழக்கே பௌ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் மதுபான ஆலை இருந்தது. கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்கு அது பக்கம். கப்பல் கேப்டன்கள் அங்கே கடனுக்குப் பீர் வாங்கி, மெட்ராஸிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் விற்றார்கள். சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றி வர நாலு மாதம், ஆறு மாதம். பூமத்திய ரேகையை இரண்டு முறை கடக்க வேண்டும். கெடாமல் இருக்க ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைக் கூடுதலாகப் போட்டார்கள். அந்தக் கடல் பயணத்திலேயே பீப்பாய்க்குள் பீர் பக்குவப்பட்டதாம். 1822 வாக்கில் ஹாட்ஜ்சன் கம்பெனி விலையை ஏற்றி ஆட்டம் காட்டியபோது, கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் பர்ட்டன் ஊர் ஆல்சாப் என்பவரை அழைத்து அதே மாதிரி காய்ச்சச் சொன்னார். முதல் சோதனை ஒரு டீ கூஜாவில் நடந்ததாகக் கதை. அந்த பீருக்குத்தான் பிற்பாடு இந்தியாவின் பெயர் ஒட்டிக்கொண்டது.

மெட்ராஸுக்கு அப்போது துறைமுகம் ஏது? கப்பல் நடுக்கடலில் நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் நம் கடற்கரை ஆட்கள் அலையைத் தாண்டிப்போய்ச் சரக்கை இறக்கினார்கள். 1842-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளிலிருந்து வெட்டி வந்த ஐஸை வைக்க ஒரு கட்டடம் கட்டினார்கள். துரைமாரின் பானங்களைக் குளிரவைக்க வந்த ஐஸ் அது. அதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பீப்பாயைத் தோளில் சுமந்து கரை சேர்த்தவனுக்கு அதில் ஒரு சொட்டு கிடைத்திருக்காது. இருந்தாலும் பீப்பாயைத் தட்டிய கிழவர் பொய் சொல்லவில்லை. அந்த பீருக்கும் நம் கடற்கரைக்கும் உறவு உண்டு.

சரி, இந்தத் தொண்டர்கள் எங்கிருந்து வந்தார்கள்? 1960-களில் இங்கிலாந்தில் பெரிய கம்பெனிகள் சின்னச் சின்ன மதுபான ஆலைகளை வாங்கி மூடிவிட்டன. பீரை வடிகட்டி, சூடாக்கி, ஈஸ்டைக் கொன்று, கேஸ் ஏற்றி, நாடு முழுக்க ஒரே ருசியில் விற்றன. விளம்பரம் பெரிது, சரக்கு சப்பை. 1971-ல் நாலு இளைஞர்கள் அயர்லாந்துக்கு விடுமுறை போன இடத்தில் இதற்கு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கேம்ரா என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1975-ல் லண்டன் கோவென்ட் கார்டன் பழைய பூ மார்க்கெட்டில் ஒரு பீர் கண்காட்சி வைத்தார்கள். 1977-ல் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் முதல் பெரிய பிரிட்டிஷ் பீர் திருவிழா. அன்றிலிருந்து ஊற்றுவது, பீப்பாய் உருட்டுவது, குவளை கழுவுவது எல்லாம் உறுப்பினர்களின் இலவச உழைப்பு. அமெரிக்காவிலும் 1979-லிருந்து வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி என்றானது. 1982-ல் கொலராடோவில் உள்ள போல்டர் என்ற ஊரில் அவர்கள் திருவிழா தொடங்கியது. அங்கேயும் தொண்டர்கள்தான் ஊற்றுகிறார்கள். இன்று கிராஃப்ட் பீர் என்று பெங்களூரிலும் பாண்டிச்சேரியிலும் பேசப்படுவதெல்லாம் அந்த விதையிலிருந்து வந்தது.

அன்று மத்தியானம் குவளை கொடுக்கிற மேஜையில் ஆள் குறைந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு குவளை கொடுக்க வேண்டும், திரும்பக் கொண்டுவந்தால் பணத்தைக் கொடுக்க வேண்டும். மகன் அங்கே திணறிக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய் அவன் பக்கத்தில் நின்று குவளைகளை எடுத்துக் கொடுத்தேன். சாராயத்தைத் தொடவில்லை, குவளையைத் தொட்டேன். மூன்று மணி நேரம். மூன்று மாதமாகப் பேசாத கணக்கை அங்கேதான் தீர்த்தோம்.

ராத்திரி வீட்டுக்கு வரும் வழியில் அவனிடம் பெரியப்பா செத்த விதத்தை முதல் முறையாக முழுசாகச் சொன்னேன். அதுவரை "காய்ச்சல்ல போயிட்டார்" என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "முன்னாடியே சொல்லியிருந்தா நான் இதுக்குப் போயிருக்கவே மாட்டேனேப்பா" என்றான். "போ. ஆனா அந்தக் கிழவர் மாதிரி, மோசமா இருந்தா துணியைப் போட்டு மூடு. குடிச்சுத் தள்ளாடுறவனுக்கு ஊத்தாதே" என்றேன். அவர்களுக்கு அந்த விதி ஏற்கெனவே இருக்கிறதாம்.

ஊருக்குத் திரும்பிய பிறகு சும்மா இருக்கவில்லை. பழைய தமிழ் நூல்களைப் புரட்டினேன். பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு சங்க நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன், அதாவது நம் தொண்டை மண்டலத்து ராஜா. அதில் வலைஞர் வீட்டில் மது செய்யும் முறை வருகிறது. அரிசியைக் கூழாகத் துழாவி, ஆறவிட்டு, முளைகட்டிய நெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துப் பிழிகிறார்கள். உரைகாரர்கள் சொல்லும் பொருள் இது. படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கூழ் காய்ச்சுவதில் பாதி வழி அது. பீர் காய்ச்சுவதில் முக்கால் வழி அது. பார்லியை முளைகட்டிக் காயவைத்து இடித்தால் அதுதான் மால்ட். நம் வீட்டில் கேழ்வரகை முளைகட்டி அரைத்தால் குழந்தைக்குக் கொடுக்கும் ராகி மால்ட். பெயரிலேயே இருக்கிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

தவறாக எண்ண வேண்டாம். ஆடிக்கூழில் போதை இல்லை. அதைப் புளிக்க வைப்பது பெரும்பாலும் தயிரைப் புளிக்க வைக்கிற வகைக் கிருமிகள். அதே கேழ்வரகை நேபாளம், சிக்கிம் பக்கம் வேறு விதமாகப் புளிக்க வைத்து, தோங்பா என்று வெந்நீர் ஊற்றி மூங்கில் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். ஒரே தானியம்தான். எந்த நுண்ணுயிர் வேலை செய்கிறது, எத்தனை நாள் விடுகிறோம் என்பதில் பசி ஆற்றுவதும் போதை தருவதும் பிரிகின்றன.

அண்ணனைக் கொன்றது தானியம் அல்ல, புளிப்பும் அல்ல. ஊற்றியவன் முகம் தெரியாத பானம் அவரைக் கொன்றது. அதை ஊற்றியவன் அதில் ஒரு வாய் குடித்திருப்பானா? குடித்திருக்கமாட்டான். கம்பிக்குப் பின்னால் இருந்து பாட்டிலை நீட்டுகிற கடையிலும் யார் காய்ச்சினார், எப்படிக் காய்ச்சினார் என்று கேட்க முடியாது. குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு ஆளைக் கொண்டுபோய்விட்டது, அந்தக் கணக்கு எதைச் சொன்னாலும் நேராகாது. ஆனால் கூலி வாங்காமல், தான் முதலில் ருசி பார்த்து, பத்துப் பேர் பார்க்க ஊற்றுகிறவனையும் அந்த இருட்டில் ஊற்றியவனையும் ஒரே தராசில் வைத்து மூன்று மாதம் என் பிள்ளையோடு பேசாமல் இருந்தேனே, அது தப்பு. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

இன்று எங்கள் கூழுக்கும் ஒரு பயம் இருக்கிறது. பல தெருக்களில் கான்ட்ராக்ட் விட்டுவிடுகிறார்கள். வேனில் டிரம் வந்து இறங்குகிறது. யார் காய்ச்சியது என்று தெருவுக்குத் தெரியாது. பையன்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன் எப்படி அண்டா கிண்டுவான்? நானே எத்தனை ஆடி ஞாயிறு மெஷின் பக்கம் நின்று, ஊரில் இப்போது கூழ் ஊற்றுவார்களே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்!

இருந்தாலும் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஆள் கிடைத்தது. தெருக்கோடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் ஒடிசாப் பையன், கம்பெனியில் வெல்டிங் வேலை. நாங்கள் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் தானாக வந்து துடுப்பை வாங்கிக்கொண்டான். பழக்கப்பட்ட கை. அவன் ஊரில் கேழ்வரகுக்கு மண்டியா என்று பெயராம். அவன் அம்மாவும் இதே மாதிரி புளிக்க வைத்துக் கஞ்சி காய்ச்சுவாளாம், பேஜ் என்பார்களாம்.

மறுநாள் காலையில் படையல் முடிந்ததும் வழக்கப்படி முதல் சொம்பை அவனிடம் நீட்டினோம். எல்லாரும் பார்த்ததில் கூச்சப்பட்டான். "நீ கிண்டினது, நீதான் குடிக்கணும்" என்று சைகை காட்டினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

பிறகுதான் நாங்கள் சொம்பை நீட்டினோம்.